அடைப்புக்குறிக்குள்

கிடைக்கவில்லை என்று மறுபடியும் வந்திருக்கிறது. திரை அவள் பக்கம் திரும்பியிருந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். கிடைத்தால் என் மகள் வாலன்டினா இடது உள்ளங்கையால் மேசையை ஒரு தட்டுத் தட்டுவாள். கிடைக்காவிட்டால் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைப்பாள். இப்போது துடைத்துக்கொண்டிருக்கிறாள், துடைத்ததையே துடைக்கிறாள். காலையிலிருந்து எத்தனையோ சொற்களுக்கு மேசை அடி வாங்கியது. தண்ணீர் கிடைத்தது, வேண்டும் கிடைத்தது, போதும், இல்லை, வலி, மருந்து, விளக்கு எல்லாம் என்னுடைய பழைய பேச்சுகளுக்குள்ளிருந்து எழுந்து வந்தன. அவள் பெயர் மட்டும் வரமாட்டேன் என்கிறது. "வேற மாதிரி போட்டுப் பாக்கறேங்ப்பா," என்று எனக்குச் சொல்வதுபோல் தனக்கே சொல்லிக்கொள்கிறாள். நான் தலையாட்டுகிறேன். மில் கேட்டுகளில் மைக் கெட்டுப்போனாலும் கடைசி வரிசைக்குக் கேட்கப் பேசியவன் நான், இன்று கழுத்தில் ஒரு ஓட்டையும் ஓட்டைக்கு மேல் ஒரு வெள்ளைத் துணியும் மடியில் ஒரு சிலேட்டுமாகத் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன். கட்டி என்றார்கள். கட்டியை எடுக்கிறேன் என்று சொல்லிக் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிர் முக்கியமா குரல் முக்கியமா பெரியவரே என்று கேட்டான் அந்த டாக்டர், சிரித்த முகத்தோடு, ஏதோ எனக்கு இரண்டும் தனித்தனியாக இருந்த மாதிரி. பெரியவரே என்று வேறு. தோழர் என்று கூப்பிடத் தெரியாதவனிடம் பதில் சொல்லாமல் கையெழுத்துப் போட்டேன், கடைசியாக நான் குரலோடு இருந்தும் பேசாமல் விட்ட கேள்வி அதுதான். இப்போது வாலன்டினா எனக்கு ஒரு பெட்டி செய்கிறாள். அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் மோட்டார் பம்புகளைத் தானாக ஓடவும் நிற்கவும் வைக்கிற பச்சைப் பலகை ஒன்று உண்டு, அதற்குச் சி மொழியில் புரோகிராம் எழுதுவதுதான் அவள் தொழில். அந்தப் பலகை ஒன்றைத்தான் சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு பெட்டிக்குள் பொருத்திப் பொத்தான்கள் வைத்திருக்கிறாள். பொத்தானை அழுத்தினால் சொல் வரும், என் குரலில் வரும், யூனியன் அந்தக் காலத்தில் டேப்பில் பிடித்து வைத்த என் குரலில். நாளைக்கு அவளுடைய லீவு முடிகிறது. நாளைக்கு நர்ஸ் பெண் ஒருத்தி வருவாள், இரவில் அவளும் போய்விடுவாள். அதற்குள் அந்தப் பெரிய சிவப்புப் பொத்தானில் ஒரு சொல் ஏறியாக வேண்டும், அது மகளின் பெயர், அதுதான் கிடைக்கவில்லை.

இந்தத் தேடலின் கதையை அவள் நேற்றே எனக்குச் சொன்னாள், நானும் கேட்டேன், கேட்டதோடு விடாமல் அவளிடமிருந்து கொஞ்சம் தாள்களை அச்சடித்து வாங்கிப் படித்தும் பார்த்தேன். பாதி புரிந்தது. எனக்குப் பாதி புரிந்தால் போதும், நான் படித்ததெல்லாம் அப்படித்தான், நாலணாப் பிரசுரங்கள், அட்டையில் அரிவாள், உள்ளே பாதி புரியாத தமிழ், புரியாத பாதியை ராத்திரி ஷிஃப்டில் தறிக்குப் பக்கத்தில் நின்று யோசித்து யோசித்துப் புரிய வைத்துக்கொண்டேன். கல்லூரிக்குப் போனவர்கள் மறந்துவிட்டதெல்லாம் எனக்கு இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. விஷயம் இதுதான். தேட வேண்டியதை ஒரு குறியாக, அச்சு மாதிரி, எழுத வேண்டும். அந்தக் குறியை மெஷின் அப்படியே எடுத்துக்கொள்ளாது. முதலில் ரெக்காம்ப் என்று ஒரு கட்டளை, அது குறியை வாங்கி அக்கக்காகப் பிரித்து மெஷினுக்குள் ஒரு சின்ன யந்திரமாகக் கட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் ரெக்எக்செக் என்று இன்னொரு கட்டளை, அது அந்த யந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வரிக்கு வரி ஓடும், பொருந்துகிறதா, பொருந்துகிறதா என்று. கட்டுவது ஒரு தடவை, பொருத்திப் பார்ப்பது ஆயிரம் தடவை. "தப்பா எழுதினா கட்டும்போதே சொல்லிடும்ங்ப்பா, ஓட விடாது," என்றாள். நான் சிலேட்டில் எழுதினேன்: நம் கமிட்டியில் ஓடின பிறகுதான் தப்பு என்றே தெரியும். விழுந்து விழுந்து சிரித்தாள். கோஷமும் இதே வேலைதானே. ஒரு அறையில் உட்கார்ந்து சண்டை போட்டு ஒரு வரியைக் கட்டுகிறோம், அப்புறம் அதே வரி சிங்காநல்லூர் கேட்டில் பொருந்துகிறதா, பீளமேட்டுக் கேட்டில் பொருந்துகிறதா. புள்ளி என்றால் எந்த எழுத்தும், பக்கத்தில் நட்சத்திரம் போட்டால் எத்தனை எழுத்தும். புள்ளி நட்சத்திரம் வரியில் எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் விழுங்குமாம். முதலாளி என்று எழுதிக் காட்டினேன். "எல்லாத்துலயும் அவங்களையே இழுங்க," என்றாள். நம் எழுத்து ஒவ்வொன்றும் மெஷினுக்குள் குறைந்தது மூன்று துண்டாகத்தான் நுழைகிறது என்று அவள் சொன்னபோது மட்டும் எனக்குக் கோபம் வந்தது, இங்கிலீஷ்காரன் எழுத்து முழுசாக உள்ளே போகுமாம், நாம் மட்டும் துண்டு துண்டாகப் போக வேண்டுமாம், அதற்கென்று முதலிலேயே ஒரு வரி எழுதி நாங்கள் இந்த ஊர் ஆட்கள் என்று மெஷினுக்குச் சொல்ல வேண்டுமாம். இன்னொன்று சொன்னாள், அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, சிரிப்பு என்றால் துணி மேலும் கீழும் ஆடும், அவ்வளவுதான். கிடைத்தால் அந்தக் கட்டளை பூஜ்யம் என்று பதில் தருமாம், கிடைக்காவிட்டால்தான் ஒன்று. "பூஜ்யம்னா ஜெயிச்சோம்னு அர்த்தங்ப்பா." அப்படியானால் என் பேச்சுவார்த்தைகளில் பாதிக்கு மேல் நான் ஜெயித்திருக்கிறேன்.

பேச்சுகள் எல்லாம் எழுத்தில் இருப்பதால்தான் இது முடிகிறது. டேப்பை நேராகக் கேட்டு எழுதுகிற மெஷின்களும் இருக்கின்றனவாம், போட்டுப் பார்த்தாள், குழாய் ஸ்பீக்கரின் இரைச்சலிலும் மில் சங்கிலும் அதற்குத் தலையும் புரியவில்லை காலும் புரியவில்லை. ஆனால் எங்களிடம் திருமூர்த்தி இருந்தான். யூனியன் அச்சகத்தின் புரூஃப் ரீடர். ஒவ்வொரு பேச்சையும் டேப்பில் ஓட்டி நிறுத்தி ஓட்டி நிறுத்திக் கையால் எழுதி, ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் டேப் ரெக்கார்டரில் ஓடும் எண்ணைப் பென்சிலில் குறித்து வைத்தான். எதற்கடா இது என்றால், நாளைக்குப் போலீஸ்காரன் நீங்க சொல்லாததைச் சொன்னதாச் சொன்னா எங்கன்னு எடுத்துக் காட்ட வேணாமுங்களா தோழர் என்பான். அவன் செத்து வருஷங்கள் ஆகிவிட்டன. அவன் எழுத்தை ஒரு தொகுதி போடப் போகிறோம் என்று பின்னால் வந்த பையன்கள் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள், தொகுதி வரவில்லை, ஏற்றினவர்களில் ஒருவன் இப்போது இடம் வாங்கி விற்கிறான், ஆனால் எழுத்து மிஞ்சியது. வாலன்டினாவின் புரோகிராம் அந்த எழுத்தில் சொல்லைத் தேடுகிறது, பத்தி கிடைக்கிறது, பத்தியின் எண்ணைப் பிடித்து டேப்பில் அந்த இடத்துக்குப் போகிறாள், அங்கே நான் இருக்கிறேன், கத்திக்கொண்டு. அதுதான் ஒரே சங்கடம். தண்ணீர் வேண்டும் என்ற பொத்தானை அமுக்கினால் ஸ்பின்னிங் கட்டடத்தில் குடிதண்ணீர்க் குழாய் கேட்டு நான் போட்ட சத்தம் வருகிறது, பின்னாலேயே ஆயிரம் பேர் வேண்டும் வேண்டும் என்கிறார்கள். கக்கூஸுக்குப் போக வேண்டும் என்றால் கதவைத் திற என்று மானேஜரை அதட்டுகிற அதட்டல். "ஒரு டம்ளர் தண்ணிக்கு இவ்வளவு பெரிய போராட்டமா," என்கிறாள். "அந்த நர்ஸ் புள்ள மிரண்டு ஓடிடும்ங்ப்பா." அந்தப் பேச்சுகளில் கைதட்டல் என்று அடைப்புக்குறிக்குள் வருகிறது, கோஷம் என்று அடைப்புக்குறிக்குள் வருகிறது, மெதுவாகச் சொன்ன ஒரு சொல் எங்கேயும் வரவில்லை. நான் மெதுவாகப் பேசவே இல்லையா, வீட்டில் பேசினேன், வீட்டில் யார் டேப் வைத்தார்கள்.

வீடு என்று நினைத்ததும் இந்த வீடு ஞாபகத்துக்கு வருகிறது, எட்டாவது மாடி, கீழே நீச்சல் குளம், நான் நின்று பேசிய மில் கேட் சரியாக அந்த நீலத் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. மில்லை இடித்து அடுக்குமாடி கட்டி, புகைக்கூண்டை மட்டும் அழகுக்கு விட்டு வைத்திருக்கிறார்கள், ராத்திரி அதற்குக் கலர் லைட் வேறு. இந்த இடத்தில் மகள் வீடு வாங்கிய நாளிலிருந்து நான் படியேறவில்லை. என் ஆட்கள் வேலை இழந்த மண்ணில் எனக்குச் சோறு இறங்காது என்று சொல்லியிருந்தேன், அன்றைக்கு எனக்குச் சொல்லக் குரல் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இங்கே கொண்டுவந்தபோது மறுக்கக் குரல் இல்லை. சோறு இறங்குகிறது. வாசனைதான் இல்லை. மூச்சு மூக்கு வழியாகப் போகாதவனுக்கு வாசனை கிடையாது என்று டாக்டர் சொல்ல மறந்துவிட்டான், காப்பி வெறும் சூடான கசப்பு, மகள் பக்கத்தில் வந்தால் அவள் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் தெரிவதில்லை, குழந்தையில் அவள் உச்சியை முகர்ந்தால் வரும் வேர்வை வாசனையை இப்போது நினைவிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது, அது இன்னும் இருக்கிறது, அதை எந்தக் கத்தியும் தொடவில்லை. பயம் வேறு இடத்தில் இருக்கிறது. கழுத்தின் ஓட்டையில் சளி காய்ந்து அடைத்துக்கொண்டால் மூச்சு நின்றுவிடும், யாராவது வந்து குழாயை எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும், அது நடந்தது போன வாரம், நான் கட்டில் பக்கத்து எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் அடித்தேன், அடித்தேன், அடுத்த அறையில் அவள் எழவில்லை. அசதி, பாவம். கடைசியில் இருமல் அதுவாகவே வழி விட்டது. மறுநாள் அவளுக்குத் தெரிந்தபோது அழுதாள். "எனக்கு டம்ளர் சத்தத்துக்கெல்லாம் முழிப்பு வராதுங்ப்பா, உங்க குரல் கேட்டா எந்தத் தூக்கத்துலயும் எந்திரிச்சிடுவேன், சின்ன வயசுல இருந்து அப்படித்தான்." அதற்கப்புறம்தான் இந்தப் பெட்டி. முதலில் கம்ப்யூட்டரே பேசுகிற குரலைப் போட்டுக் காட்டினாள். செய்தி வாசிக்கிற மாதிரி ஒரு ஆண் குரல், வாலன்டினா என்றது, ஏதோ ஆபீஸில் வருகைப் பதிவு எடுக்கிற மாதிரி. நான் சிலேட்டால் ஸ்பீக்கரைத் தள்ளிவிட்டேன். என் மகளை இன்னொருத்தன் குரலில் கூப்பிட மாட்டேன். செத்தாலும் மாட்டேன் என்று எழுதினேன், எழுதிவிட்டு அவள் முகத்தைப் பார்த்ததும் முதல் சொல்லை மட்டும் விரலால் அழித்தேன்.

பெயரை நான்தான் வைத்தேன். விண்வெளிக்கு முதலில் போன பெண் ஒரு நெசவாலைத் தொழிலாளி என்று ஒரு பிரசுரத்தில் படித்தேன், பஞ்சாலையில் நூல் பிடித்த கை வானத்துக்குப் போயிற்று என்றால் என் மகள் எங்கே போகமாட்டாள். என் மனைவி ராஜாமணிக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. மில்லில் நூல் சுற்றும் ரீலிங்கில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, "ஏனுங், சாமி பேரு வேண்டாம்னீங்க சரி, மனுசப் பேராவது வெக்கக் கூடாதுங்களா," என்றாள். அப்புறம் அவளே வாலு என்று சுருக்கினாள், நானும் வாலு என்றே கூப்பிட்டேன், பிள்ளையும் அதற்குத் தகுந்த மாதிரியே வளர்ந்தாள். இன்றைக்கு முழுப்பெயரையும் போட்டுத் தேடினாள், எந்த விதமாக எழுதியிருந்தாலும் அகப்படட்டும் என்று நடுவில் சதுர அடைப்பு வைத்துத் தேடினாள், ஒன்றுமில்லை. வாலு என்று போட்டாள், மேசை ஒரு தட்டு வாங்கியது, எடுத்துப் பார்த்தால் நிர்வாகத்தின் தலையும் வாலும் நமக்குத் தெரியும் தோழர்களே என்று இருக்கிறது. சிரிக்க வேண்டிய இடம். அவள் சிரிக்கவில்லை. குறியை மாற்றுகிறாள், ஓட்டுகிறாள், முடிந்ததும் ரெக்ஃப்ரீ என்று அதைக் கலைத்து விடுகிறாள், கட்டினதைக் கலைக்காமல் விட்டால் மெஷினில் இடம் அடைத்துக்கொள்ளுமாம், இந்தச் சலிப்பிலும் அவள் அதை ஒரு தடவைகூட மறக்கவில்லை, நல்ல தொழிலாளி. மறுபடி கண்ணாடி, மறுபடி துப்பட்டா. "பரவால்லீங்ப்பா," என்கிறாள், திரையைப் பார்த்துக்கொண்டே. "மேடையில எம் பேரு எதுக்கு வரப் போவுது. அது கட்சி மேடை. நாந்தான் லூசாட்டம் தேடிட்டிருக்கறேன்." குரலில் வருத்தமே இல்லை, அதுதான் எனக்கு ஆகவில்லை. வருத்தப்பட்டுப் பழகி, அதை மடித்து வைத்துவிட்டவளின் குரல். மேடையில் நான் யார் யார் பெயரைச் சொல்லியிருக்கிறேன், ஜெயிலில் இருந்தவன் பெயர், சுடப்பட்டவன் பெயர், துரோகம் செய்தவன் பெயர், சூப்பர்வைசர்களை அப்பன் பெயரோடு சொல்லியிருக்கிறேன். இவள் பெயர் வரவில்லையா. வந்திருக்குமே. ஏன் வந்திருக்கும் என்று தோன்றுகிறது. வாய் ஞாபகம் வைத்திருக்கிறது, இல்லாத குரல்வளை ஞாபகம் வைத்திருக்கிறது, மைக்குக்கு முன்னால் நின்றுகொண்டு அந்த இரண்டு எழுத்தை இழுத்துச் சொன்ன ஞாபகம் கழுத்துக்குள் எங்கேயோ இருக்கிறது, ஆனால் எழுத்தில் இல்லை, திருமூர்த்தி ஒரு சொல்லைக்கூட விடமாட்டானே, விட்டால் ராத்திரி தூங்கமாட்டானே, அப்படியானால் நான் சொல்லவில்லை, சொல்லாததைச் சொன்னதாக நினைக்கிறேன், கிழவர்களுக்கு வருகிற வியாதி.

ஒயர். ஒயர் ஏன் வருகிறது. மேசைக்கடியில் இவள் கம்ப்யூட்டரின் ஒயர் சுருண்டு கிடக்கிறது, அதற்கும் அப்பால் வேறு ஒயர், கறுப்பு, துணி சுற்றினது, மைக்செட் பொன்னுரங்கத்தின் ஒயர், சைக்கிள் கேரியரில் ஆம்பிளிஃபயரைக் கட்டிக்கொண்டு வருவான், கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சைக் கவிழ்த்து மேடையாக்குவோம். ராஜாமணி ஷிஃப்டில் இருக்கிற நாள் என்றால் பிள்ளையை நான்தான் கூட்டிப்போக வேண்டும். பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு சாக்கைப் போட்டு உட்கார வைப்பேன், கையில் ஒரு முறுக்கு. முறுக்கு தீர்கிற வரைக்கும் ஏகாதிபத்தியத்தைப் பற்றிப் பேசலாம். தீர்ந்ததும் ஊர்ந்து ஊர்ந்து பொன்னுரங்கத்தின் ஒயர் பக்கம் போவாள், அதில் அங்கங்கே தோல் உரிந்து செம்பு தெரியும், நான் பேச்சை நிறுத்திவிட்டு, ஆமாம், நிறுத்திவிட்டுத்தான், கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, மைக்கை மறந்து, மைக்கிலேயே. திருமூர்த்தி ஒருநாள் அச்சகத்தில் கேட்டான், "ஏனுங் தோழர், நீங்க மேடையில வர்க்கத்த வளக்கறீங்களா, புள்ளைய வளக்கறீங்களா? இதையும் எழுதிடட்டுங்களா?" நக்கல். அந்த வருஷம்தான் இன்னொரு யூனியன் தலைவர் பொதுக்கூட்டத்தில் தன் மகன் கணக்கில் வாங்கின மார்க்கைச் சொல்லிப் பெருமைப்பட்டு ஊர் சிரித்திருந்தது, நான்தான் கமிட்டியில் தீர்மானம் கொண்டுவந்தேன், மேடை வர்க்கத்துக்கு, வீட்டுப் பேச்சு பதிவில் ஏறக்கூடாது என்று. எல்லோரும் கை தூக்கினார்கள். தீர்மானம் கொண்டுவந்தவன் பேச்சிலேயே அதை மீறலாமா. எடுத்துவிடு என்றேன். எடுத்துவிட்டால் டேப்பில் இருக்கிறது எழுத்தில் இல்லை என்று போலீஸ்காரன் கேட்பானே தோழர் என்று அவன் யோசித்தான். பென்சிலைக் காதில் செருகினான், மறுபடி எடுத்தான். பேச்சில் சேராதது எது வந்தாலும், யார் குறுக்கே வந்தாலும், அந்த இடத்தில் ஒரே சொல் எழுதுவது என்று முடிவு செய்தான், இரண்டு பக்கமும் அடைப்பு. ஆமாம். அதுதான். நான் டம்ளரை எடுத்து மேசையில் அடிக்கிறேன். அவள் துள்ளித் திரும்புகிறாள், என் கழுத்தைத்தான் பார்க்கிறாள், மூச்சு அடைத்துவிட்டதோ என்று. இல்லை இல்லை என்று கையை ஆட்டிவிட்டுச் சிலேட்டை இழுக்கிறேன், சாக்பீஸ் ஒடிகிறது, எழுதுகிறேன்: (குறுக்கீடு

"அதென்னங்ப்பா?" என்கிறாள். அதைத் தேடு என்று திரையைக் காட்டுகிறேன், நீ அங்கே இருக்கிறாய் என்று எழுத இடமில்லை, எழுதினால் அது இல்லாமல் போய்விடுமோ என்றும் பயம். நான் எழுதினதை எழுதினபடியே தட்டுகிறாள். மெஷின் முறைக்கிறது. கட்டும்போதே நிற்கிறது, ஓடவில்லை. "அடைப்பைத் தொறந்தீங்க, மூடலையே," என்று சிரிக்கிறாள், ஆமாம், அவசரத்தில் அடுத்த பக்கம் போடவில்லை, ஒரு வளைவு பாக்கி, அவளே போட்டு மூடுகிறாள், ஓட்டுகிறாள், மேசையைத் தட்டுகிறாள், மறுபடி தட்டுகிறாள், பக்கம் பக்கமாக ஓடுகிறது. போலீஸ் குறுக்கீடு, அரசின் குறுக்கீடு, கருங்காலிகளின் குறுக்கீடு, என் வாழ்க்கை முழுக்கக் குறுக்கீடுதான் போலிருக்கிறது. நான் சிலேட்டில் இரண்டு அடைப்பையும் பெரிதாகப் போட்டு விரலால் தட்டித் தட்டிக் காட்டுகிறேன், இது, இது வேண்டும். அவளுக்குப் புரிகிறது. "ஓ, அடைப்போடவே இருக்குதா? இந்தக் குறியில வளைவு அடைப்புக்கு வேற அர்த்தங்ப்பா, அதைக் கட்டுறதுக்கு வெச்சுக்கும், எழுத்தாப் பாக்காது. முன்னால ஒரு சாய்கோடு போடணும், அப்பத்தான் உள்ளபடி எடுத்துக்கும்." இடப்பக்கம் சாய்ந்த ஒரு சின்னக் கோடு போடுகிறாள், அதுவும் சி மொழியில் எழுதுவதால் ஒன்றுக்கு இரண்டாகப் போட வேண்டுமாம், முதல் கோட்டை சி தின்றுவிடுமாம், இரண்டாவதுதான் போய்ச் சேருமாம். எந்த ஆபீஸ்தான் மனுவை முழுசாகச் சேர்த்திருக்கிறது. ரெக்காம்ப் முணுமுணுக்காமல் வாங்கிக்கொள்கிறது. ஓடுகிறது. கொஞ்சம்தான் வருகிறது. எண்களோடு வருகிறது, வரி எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்பதோடு வருகிறது, ஓரத்தில் திருமூர்த்தியின் டேப் எண், டேய் திருமூர்த்தி, உன்னை நான் எவ்வளவு திட்டியிருப்பேன். "இதுல என்னங்ப்பா இருக்கு?" என்கிறாள். நான் ஸ்பீக்கரைக் காட்டுகிறேன்.

முதலாவது இடத்தில் நான் யாரோ குடித்துவிட்டு வந்தவனிடம், உட்காரப்பா, உன் கோபம் எனக்கும் இருக்கு, முதல்ல உட்காரு என்கிறேன். இரண்டாவதில் பொன்னுரங்கத்தை, சத்தத்தைக் கொஞ்சம் கொறைய்யா, காது போகுது என்கிறேன். அவள் முகம் மெல்ல மாறுகிறது. இந்தச் சொற்கள் எல்லாம் கத்தாதவை, மேடைக்கு ஏறாதவை, நான் வீட்டில் பேசின மாதிரியே இருப்பவை, இவ்வளவு நாளாக அடைப்புக்குறிக்குள் பத்திரமாக உட்கார்ந்திருந்திருக்கின்றன. மூன்றாவது ஒரு மழை, ஸ்பீக்கரில் தூறல் விழும் டப்டப். நான்காவதை அழுத்துமுன் என்னைத் திரும்பிப் பார்க்கிறாள். எனக்குக் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, புகைக்கூண்டைப் பார்க்கிறேன். நாய் குரைக்கிறது. பஸ் ஹாரன். பிறகு நான், சின்னவன், திமிரோடு. எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம் கூட எங்கள் உடம்பு உங்களுக்குச் சொந்தமில்லை என்பதை இந்த நிர்வாகத்துக்கு, என்று போய்க்கொண்டிருந்தவன் நிற்கிறான். ஒரு மூச்சு. மைக்கிலேயே, அவ்வளவு பெரிய குழாய் வழியாக, அவ்வளவு மெதுவாக: வாலு. வாலூ. அந்த ஒயரத் தொடாத சாமி. அப்பாகிட்ட வா. வா கண்ணு. கூட்டம் சிரிக்கிறது, பெண்கள்தான் சிரிக்கிறார்கள், ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தவர்களாக இருக்கும், அதில் ஒரு சிரிப்பு தனியாகத் தெரிகிறது, அது ராஜாமணியா என்று நான் நினைக்கிறேன், மகளும் அதையே நினைக்கிறாளா தெரியவில்லை. சாமி என்று சொல்லியிருக்கிறேன், நாத்திகன், கட்சி மேடையில். திருமூர்த்தி வெட்டினதற்கு இரண்டு காரணம் இருந்திருக்கிறது. அவள் மேசையைத் தட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றவும் இல்லை. அது கண்ணிலேயே இருக்க, அதற்குக் கீழேயிருந்து கன்னத்தில் இறங்குகிறது. "மறுபடி போடட்டுங்களா?" என்று கேட்கிறாள், போடுகிறாள், மறுபடி போடுகிறாள். "எனக்கு அந்த ஒயர் ஞாபகம் இருக்குதுங்ப்பா. நீங்க கூப்பிட்டது ஞாபகம் இல்ல." நான் சிலேட்டில் இருந்த இரண்டு அடைப்பையும் உள்ளங்கையால் துடைக்கிறேன். பிரசுரங்களில் இதற்கு ஒன்றும் போட்டிருக்கவில்லை.

வெட்டும்போது வாலூ என்ற ஒரு சொல்லை மட்டும் எடுப்பாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை, சாமியையும் கண்ணுவையும் விட மனமில்லை அவளுக்கு, ஒயரையும் சேர்த்தே ஏற்றுகிறாள். முன்னால் நாய், பின்னால் பெண்களின் சிரிப்பு, எல்லாம் அந்தச் சிவப்புப் பொத்தானுக்குள் போகிறது. முடித்ததும் வழக்கம்போல் கட்டினதைக் கலைக்கிற கட்டளையைக் கொடுக்கிறாள், பழக்கம், பிறகு பெட்டியை என் மடியில் வைத்துவிட்டு முகம் கழுவப் போகிறாள், அப்படியே சமையலறைக்கும் போகிறாள், பாத்திரம் உருளுகிற சத்தம், தண்ணீர்ச் சத்தம், சாயங்காலக் காப்பி. வாசனை இல்லை, சத்தத்திலிருந்து வாசனையை நானே சேர்த்துக்கொள்கிறேன். வெளியே புகைக்கூண்டுக்கு லைட் போட்டுவிட்டார்கள், நீலம், பிறகு ரோஸ். இந்த மண்ணில் சோறு இறங்காது என்று சொன்னேன், சொன்னது சரிதான், இன்னும் சரிதான், ஆனால் அந்தக் கேட்டில் பேசினது எல்லாம் தோற்றுப்போன பிறகும் அங்கே குறுக்கே வந்த ஒன்று மிஞ்சியிருக்கிறது, அதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. பெட்டி மடியில் கனமில்லாமல் இருக்கிறது. சிவப்புப் பொத்தானின் மேல் விரலை வைக்கிறேன். பயமாக இருக்கிறது, இத்தனை கூட்டத்துக்கு முன்னால் ஏறினபோதும் இப்படிப் பயம் இருந்ததில்லை, வராவிட்டால், வந்து அவள் திரும்பாவிட்டால். அழுத்துகிறேன். நாய் குரைக்கிறது. வாலு. வாலூ. அந்த ஒயரத் தொடாத சாமி. அப்பாகிட்ட வா. வா கண்ணு. சமையலறையில் தண்ணீர்ச் சத்தம் சட்டென்று நிற்கிறது. பிறகு அங்கிருந்தே, கொஞ்சம் சலிப்போடு, எந்த மகளும் எந்த அப்பாவுக்கும் சொல்கிற மாதிரி:

"வர்றேன் இருங்ப்பா, அடுப்புல பால் பொங்குது!"

எனக்கு ஒரு வேலையும் இல்லை அவளிடம். இன்னொரு தடவை அழுத்துகிறேன்.